எதிராளியின் கணினி

2004 நவம்பரில் பதினைந்தே நாள் இடைவெளியில் இரண்டு ஆன்லைன் விளையாட்டுகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. 8ஆம் தேதி வந்தது சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் எவர்குவெஸ்ட் 2. 23ஆம் தேதி வந்தது பிளிசார்டு நிறுவனத்தின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். இரண்டும் ஒரே வகை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகில் நடமாடி, கூட்டுச் சேர்ந்து, அரக்கர்களை வீழ்த்திப் பொருள் சேர்க்கும் ஆட்டம். ஆனால் கிராபிக்ஸ் விஷயத்தில் இரண்டு குழுவினரும் போட்ட கணக்கு வேறு வேறு.

எவர்குவெஸ்ட் 2 எதிர்காலத்தை நம்பியது. அதன் உச்ச செட்டிங்கை அன்றைய கணினிகளால் சரியாக ஓட்ட முடியாது. வருகிற ஆண்டுகளின் கணினிகள் ஓட்டிக்கொள்ளும் என்று விட்டுவைத்தார்கள். நிழல் உட்படப் பல வேலைகளை கிராபிக்ஸ் கார்டிடம் தராமல் சிபியுவின் தலையில் ஏற்றினார்கள். சிபியுவின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும் என்பது அந்த நாளில் பலரும் நம்பியதுதான். அந்த நம்பிக்கை உடைந்ததும் அதே பருவத்தில்தான். 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 திட்டத்தை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. அதற்குப் பிறகு சிபியுக்கள் வேகத்தைவிட கோர்களின் எண்ணிக்கையில்தான் அதிகம் வளர்ந்தன. ஒற்றைக் கோரை நம்பி எழுதிய ஆட்டத்துக்கு அந்த வளர்ச்சியால் பெரிய பயன் இல்லை. சில வருடம் கழித்துப் புதுக் கணினி வாங்கியவர்களிடமும் அது திணறியது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு 800 மெகாஹெர்ட்ஸ் சிபியு, 256 எம்.பி. ராம், 32 எம்.பி. கார்டு இருந்தால் போதும். அதன் ஓவியர்கள் கல், மரம், தோல் எல்லாவற்றின் மேற்பரப்புப் படங்களிலும் நிழலையும் பளபளப்பையும் கையாலேயே தீட்டிவிட்டார்கள். கார்டு கணக்குப் போட்டு வரவழைக்க வேண்டிய அழகைத் தூரிகையே முன்கூட்டித் தந்துவிட்டது. கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பம்போல மிகைப்படுத்திய உருவங்கள், அழுத்தமான நிறங்கள். 2010 அக்டோபரில் அந்த ஆட்டத்தின் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது.

வெற்றிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வார்கிராஃப்ட் என்ற பெயருக்கு ஏற்கெனவே இருந்த மதிப்பு, தனியாளாகவும் ஆடி முன்னேறலாம் என்ற வசதி, எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கூட்டம் வந்தது. ஆனாலும் வீட்டில் இருந்த பழைய கணினியிலேயே ஓடியது என்பது அந்தக் கூட்டத்துக்கு வழிவிட்டது. இருபது ஆண்டுகள் கழிந்தும் அந்த இரண்டு கணக்குகளும் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. ஓர் ஆன்லைன் விளையாட்டு தன் கிராபிக்ஸை எந்த அளவு உயர்த்தலாம், அதற்காக எத்தனை பேரை வெளியே நிறுத்தலாம்?

தனியாள் விளையாட்டுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கடுமையாக எழுவதில்லை. 2025 மே மாதம் வெளிவந்த டூம்: தி டார்க் ஏஜஸ், ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் கார்டு இல்லாத கணினியில் தொடங்கவே தொடங்காது. அந்தக் கார்டு இல்லாதவருக்கு வருத்தம்தான். ஆனால் வாங்கியவரின் ஆட்டம் அதனால் குறைவதில்லை. மூன்று வருடம் கழித்து, கார்டு விலை இறங்கியபின் வாங்கினாலும் அதே ஆட்டம் அப்படியே காத்திருக்கும். ஆன்லைன் விளையாட்டு அப்படியல்ல. அங்கே எதிராளிதான் ஆட்டத்தின் பாதி. பத்துப் பேர் சேர வேண்டிய ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தால் ஒன்பது பேரும் காத்திருக்கத்தான் வேண்டும். என் மேசையில் எவ்வளவு விலையுயர்ந்த கார்டு இருந்தாலும், எங்கோ ஒருவரின் பழைய லேப்டாப் ஓடினால்தான் எனக்கு ஆட்டம் கிடைக்கும்.

இதை நான் புரிந்துகொண்டது எங்கள் நண்பர் வட்டத்தில்தான். நாங்கள் நான்கு பேர். அதில் ஒருவனுக்குப் பள்ளி முடிக்கும்போது அரசு தந்த லேப்டாப்தான் அவன் வீட்டின் முதல் கணினி. இரவு பத்து மணிக்குமேல் நாலு பேரும் ஒரே அணி. ஒரு நாள் நாங்கள் ஆடிய விளையாட்டு பெரிய அப்டேட் ஒன்றை இறக்கியது. எங்கள் மூவருக்கும் தண்ணீர் கண்ணாடிபோல் மின்னியது. அவனுக்குத் திரை கறுப்பாகவே நின்றது. டிரைவரை மாற்றிப் பார்த்தான், செட்டிங்கையெல்லாம் அடிமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தான். ஒரு வாரம் "ஆடுறீங்களாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்பதை நிறுத்தினான். நாங்களும் அடுத்த இரண்டு மாதத்தில் அதை விட்டுவிட்டோம். நாலு பேர் ஆட்டத்தை மூன்று பேர் ஆடுவதில் ருசி இல்லை. அந்த அப்டேட்டைச் செய்தவர்களின் கணக்கில் ஒருவர் குறைந்திருப்பார். உண்மையில் குறைந்தது நான்கு பேர்.

வீட்டுக்கு மாடி கட்டுவது ஒன்று, வாசற்படியை உயர்த்துவது வேறொன்று. மாடி கட்டினால் ஏற முடிந்தவர் ஏறிக் காற்று வாங்கலாம், மற்றவர் கீழே இருக்கலாம், வீடு ஒன்றுதான். வாசற்படியை உயர்த்தினால் ஏற முடியாதவருக்கு வீடே இல்லை. கிராபிக்ஸ் மேம்பாடு என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் இதைப் பற்றிய வாக்குவாதங்கள் முடிவில்லாமல் போகின்றன. உச்ச செட்டிங்கில் புதிதாக ஒரு வசதியைச் சேர்ப்பது மாடி. குறைந்தபட்சத் தேவையை ஏற்றுவது வாசற்படி.

மாடி கட்டியவர்களில் எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த ரூன்ஸ்கேப். 2001இல் பிரவுசருக்குள்ளேயே ஓடும் ஜாவா விளையாட்டாகத் தொடங்கியது. பள்ளிக் கணினியிலும் நூலகக் கணினியிலும் ஆடி வளர்ந்த தலைமுறை ஒன்று அதற்கு உண்டு. 2008இல் மெருகேறிய கிராபிக்ஸ் வந்தது, ஆட்டத்தின் விதிகளும் மாறிக்கொண்டே போயின. 2013இல் ஜாகெக்ஸ் நிறுவனம் ஆடுகிறவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. தங்களிடமிருந்த 2007 ஆகஸ்ட் மாதப் பிரதியை மீண்டும் திறக்கலாமா என்பதுதான் கேள்வி. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பெயரில் சதுரம் சதுரமான அந்தப் பழைய உலகம் திரும்பி வந்து, 2018இல் மொபைலுக்கும் போனது.

ஆனால் அந்தப் பழைய உலகை விரும்பியவர்களே புதிய ஒளியையும் விரும்பினார்கள். 2021இல் ஆர்வலர் ஒருவர் தன் சொந்த உழைப்பில், நிழலும் நீரின் மினுமினுப்பும் கொண்ட ஒரு துணைநிரலை எழுதி முடித்தார். 117ஹெச்டி என்று பெயர். வெளியிடும் தறுவாயில் ஜாகெக்ஸ் அதை நிறுத்தச் சொன்னது. ஆட்டத்துக்குள்ளேயே ஊர்வலம் போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் வீரர்கள். சில நாட்களில் நிறுவனம் இறங்கிவந்தது, துணைநிரல் வெளியானது. இன்று அதை விரும்புகிறவர் போட்டுக்கொள்கிறார், விரும்பாதவர் 2007இன் தோற்றத்திலேயே ஆடுகிறார். இருவரும் ஒரே சந்தையில் மீன் விற்கிறார்கள். எவருடைய வாசற்படியும் உயரவில்லை.

ஐஸ்லாந்தின் ஈவ் ஆன்லைன் நடுவழி ஒன்றை எடுத்தது. அதில் எல்லோரும் ஒரே விண்வெளியில் இருக்கிறார்கள். நாட்டுக்கொரு சர்வர் என்று பிரித்து வைக்கும் வழக்கம் உலகின் பெரும்பகுதிக்கு அங்கே இல்லை. 2007 டிசம்பரில் டிரினிட்டி என்ற அப்டேட்டில் கப்பல்களையெல்லாம் புதிதாகச் செதுக்கியபோது, பிரீமியம் என்றும் கிளாசிக் என்றும் இரண்டு வடிவங்களைத் தந்தார்கள். பழைய கார்டு வைத்திருந்தவருக்குப் பழைய கப்பல் தெரியும், புதிய கார்டு வைத்திருந்தவருக்குப் புதிய கப்பல் தெரியும், சண்டை ஒன்றேதான். 2009 மார்ச்சில் கிளாசிக்கை மூடினார்கள். இடையில் கிடைத்தது பதினைந்து மாத அவகாசம். ஒரு குடும்பம் பணம் சேர்த்துக் கார்டு மாற்ற அது போதுமா என்பது குடும்பத்தைப் பொறுத்தது. ஆனால் ஒரே இரவில் கதவைச் சாத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு பெரிது.

அதே ஈவில் ஆயிரக்கணக்கான கப்பல்கள் மோதும் பெருஞ்சண்டை வரும்போது, விலையுயர்ந்த கணினி வைத்திருப்பவர்களும் எல்லா அழகையும் அணைத்துவிட்டு அடிமட்ட செட்டிங்கில் ஆடுவது வழக்கம். ஃபோர்ட்நைட்டிலும் இதே கதை. எபிக் நிறுவனம் 2020 டிசம்பரில், பழைய கணினிகளுக்காக பெர்ஃபார்மன்ஸ் மோடு என்ற எளிய தோற்றத்தைக் கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் அன்ரியல் 5.1 எஞ்சினுக்கு மாறி, ஒளி ஒவ்வொரு சுவரிலும் பட்டுத் தெறிக்கும் அழகைக் கொண்டுவந்தபோதும் அந்த எளிய மோடை எடுக்கவில்லை. மாடியும் கட்டினார்கள், வாசற்படியையும் தொடவில்லை. பழைய லேப்டாப்புக்காகச் செய்த அந்த மோடை இன்று போட்டிகளில் ஆடும் தேர்ந்த வீரர்கள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். காரணம் எளிது. வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடினால் ஒரு படம் 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை மாறும். 240 ஓடினால் 4.2 மில்லிவினாடிக்கு ஒருமுறை. எதிராளி மூலையில் திரும்புவதை அந்த அளவு முன்னதாகவே கண் பார்க்கிறது. இலையும் புகையும் குறைந்தால் ஆள் தெளிவாகத் தெரிகிறான்.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கிராபிக்ஸை விருப்பத்துக்கு விட்டுவிட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. பப்ஜியில் புல்லுக்குள் குப்புறப் படுத்து ஒளிந்திருப்பவன் தன் திரையில் புல்லைப் பார்க்கிறான். தொலைவிலிருந்து பார்ப்பவனின் திரையில் அந்தத் தூரத்துக்குப் புல் வரையப்படுவதில்லை. வெட்டவெளியில் படுத்திருக்கும் ஆளாக அவன் தெரிகிறான். அலங்காரம் என்று நினைத்த புல், ஒளியும் இடமாக மாறும்போது ஆட்டத்தின் விதியாகிவிடுகிறது. விதி ஆளுக்கொன்றாக இருக்கக் கூடாது. படம் எப்போது அலங்காரம், எப்போது விதி என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இந்த முழு விவாதத்தின் முடிச்சு என்று நினைக்கிறேன்.

கவுன்டர்-ஸ்டிரைக் இதற்கு மிகத் தெளிவான சாட்சி. 2000களின் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி 1.6 ஆடியவர்களுக்கு அதைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. 2012இல் வந்த குளோபல் அஃபென்சிவ் 2 ஜி.பி. ராமும் 256 எம்.பி. கார்டும் 15 ஜி.பி. இடமும் கேட்டது. 2023 செப்டம்பர் 27 அன்று அதன் இடத்திலேயே வந்து உட்கார்ந்த கவுன்டர்-ஸ்டிரைக் 2 கேட்பது 8 ஜி.பி. ராம், 1 ஜி.பி. கார்டு, 85 ஜி.பி. இடம். ராமிலும் கார்டிலும் வாசற்படி ஒரே நாளில் நாலு மடங்கு உயர்ந்தது.

அதற்கு ஈடாகக் கிடைத்தது என்ன? புகைக் குண்டைச் சொல்ல வேண்டும். பழைய ஆட்டத்தில் புகை என்பது அடுக்கி வைத்த தட்டைப் படங்கள். நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒருவருக்கு ஓரத்தில் இடுக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. புதியதில் புகை முப்பரிமாணக் கன அளவாக வெளியை நிரப்புகிறது. கதவிடுக்கில் புகுந்து அறையை நிறைக்கிறது, துப்பாக்கிக் குண்டு போன பாதையில் துளை விழுகிறது, கைக்குண்டு வெடித்தால் நொடிப்பொழுது விலகி மீண்டும் மூடுகிறது. எல்லோருக்கும் ஒரே புகை. ஒருவருக்கு மட்டும் மெல்லிய புகை என்று செட்டிங்கில் இறக்கித் தர முடியாது, தந்தால் அது ஏமாற்று. இந்த வகை மேம்பாட்டுக்கு வாசற்படி உயர்ந்தே ஆக வேண்டும். அதை நான் ஏற்கிறேன். புதிய தளக்கற்களின் பளபளப்புக்காக உயர்ந்திருந்தால் ஏற்க மாட்டேன்.

நிறுவனங்கள் பக்கத்து நியாயமும் சிறியதல்ல. 32-பிட் இயங்குதளத்தில் ஒரு நிரல் தொடக்கூடிய நினைவகம் 4 ஜி.பி.யைத் தாண்டாது, விண்டோஸில் பெரும்பாலும் அதிலும் பாதிதான் கிடைக்கும். விளையாட்டு கிராபிக்ஸ் கார்டோடு பேச உதவும் டைரக்ட்எக்ஸின், 2002இல் வந்த 9ஆம் பதிப்புக்கும் அதற்குப் பிந்திய 11க்கும் சேர்த்து எழுதினால், ஒவ்வொரு காட்சியையும் இரண்டு விதமாக வரைய வேண்டும், இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும், இரண்டிலும் வரும் பிழைகளைத் திருத்த வேண்டும். ஒரே நேரத்தில் திரையில் எத்தனை எதிரிகள் வரலாம், சுவர் இடிந்தால் எத்தனை துண்டாகலாம் என்பதையெல்லாம் கூட்டத்திலேயே பலவீனமான கணினிதான் தீர்மானிக்கும். அந்தச் சுமையோடு பத்து வருடம் நடந்தவர்களின் அலுப்பு உண்மையானது. எந்தக் கணினியையும் என்றென்றைக்கும் சுமக்க முடியாது.

ஆனால் முடியாது என்று சொல்வதற்குமுன் அளந்து பார்த்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்வீடனின் ஆரோஹெட் நிறுவனம் செய்த ஹெல்டைவர்ஸ் 2 கணினியில் ஏறத்தாழ 154 ஜி.பி. இடத்தைப் பிடித்தது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு வேகமாக லோடு ஆக வேண்டும் என்பதற்காக, ஒரே கோப்பைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தார்கள். அந்த டிஸ்க்கில் முள் ஓடிப்போய்த் தேடும் நேரம் குறையும் என்பது பழைய, நல்ல உத்திதான். பிறகு அளந்து பார்த்தபோது தெரிந்தது, லோடு நேரத்தின் பெரும்பகுதி டிஸ்க்கினால் ஆவதே இல்லை. போர்க்களத்தைக் கணினி உருவாக்கிக்கொள்ளும் நேரம்தான் அது. 2025 டிசம்பரில் இரட்டிப்புக் கோப்புகளை நீக்கினார்கள். 154 ஜி.பி. சுமார் 23 ஜி.பி.யாகச் சுருங்கியது, பழைய டிஸ்க்காரர்களுக்கு ஏறிய நேரமோ சில வினாடிகள்தான். எளியவருக்கு உதவுகிறோம் என்று நினைத்துச் செய்ததே, 256 ஜி.பி. எஸ்எஸ்டி மட்டும் வைத்திருந்த எளியவரை வாட்டியது. நல்லெண்ணத்துக்கும் அளவீடு தேவை.

அடித்தட்டுக் கணினியையே நடுவில் வைத்துக் கட்டிய ஆட்டமும் உண்டு. ரயட் கேம்ஸ் 2020 ஜூன் 2 அன்று வெளியிட்ட வேலரன்ட். 4 ஜி.பி. ராமும், 2012ஆம் ஆண்டு இன்டெல் சிபியுக்களோடு இலவசமாக வந்த ஹெச்டி 4000 கிராபிக்ஸும் இருந்தால் வினாடிக்கு 30 ஃப்ரேம் கிடைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு வரைந்தார்கள். சுவர்கள் தட்டை, நிறங்கள் தெளிவு, கண்ணைச் சிதறடிக்கும் குப்பை இல்லை. அதை வறுமையின் தோற்றம் என்று எவரும் சொல்வதில்லை, அந்த ஆட்டத்தின் முகமே அதுதான். எதிராளியை உடனே அடையாளம் காண வேண்டிய ஆட்டத்துக்குத் தேவையான ஓவியமும், பழைய கணினிக்குத் தேவையான ஓவியமும் ஒன்றாகவே இருந்தது அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. அதை அவர்கள் கண்டுகொண்டது திறமை.

ஆனால் அதே ஆட்டம் இன்னொரு வாசலில் படியை உயர்த்தியது. விண்டோஸ் 11இல் ஆட வேண்டுமானால் மதர்போர்டில் டிபிஎம் 2.0 வசதியும் செக்யூர் பூட்டும் இயங்க வேண்டும் என்று அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்டு கேட்கிறது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க அது தேவை என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் உண்டு. ஆயினும் கிராபிக்ஸைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் படி எங்கெங்கே உயர்கிறது என்பது தெரியாமல் போய்விடும். 2024 ஜனவரி 1 முதல் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் விண்டோஸ் 7ஐயும் 8ஐயும் கைவிட்டது. ஆட்டம் அப்படியே இருந்தது, அதைத் திறக்கும் சாவி மாறிவிட்டது.

நம் ஊருக்கு இந்தக் கேள்வி கணினி வழியாக வந்ததைவிட போன் வழியாகவே அதிகம் வந்தது. 2018 மார்ச்சில் பப்ஜி மொபைல் வந்தபோது அது இலவசம், ஆனால் போன் இலவசமில்லை. குறைந்த விலைப் போன் சூடேறும், ஹேங் ஆகும், வட்டம் சுருங்கும் நேரத்தில் லேக் அடிக்கும். 2019 ஜூலையில் பப்ஜி மொபைல் லைட் இந்தியாவுக்கு வந்தது. 1 ஜி.பி. ராம் போதும். 100 பேருக்குப் பதில் 60 பேர், சிறிய வரைபடம். நல்ல முயற்சிதான். ஆனால் லைட் ஆடுபவன் பெரிய ஆட்டத்தில் இருக்கும் தன் அண்ணனோடு சேர்ந்து ஆட முடியாது, இரண்டும் வேறு வேறு உலகம். எளியவனுக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்ததுபோல்தான் ஆனது.

சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் வேறு விதமாக யோசித்தது. அதன் ஃப்ரீ ஃபயர் ஏற்கெனவே எளிய போன்களில் ஓடி, 2019இல் உலகிலேயே அதிகம் இறக்கப்பட்ட மொபைல் விளையாட்டாக ஆகியிருந்தது. கிராபிக்ஸை உயர்த்த வேண்டிய கட்டாயம் வந்தபோது, 2021 செப்டம்பரில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்று தனிச் செயலியாகக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் ஒரே கணக்கு. வாங்கிய பொருள், ஏறிய நிலை எல்லாம் இரண்டிலும் தெரியும். மேக்ஸில் இருப்பவனும் பழைய ஃப்ரீ ஃபயரில் இருப்பவனும் ஒரே களத்தில் இறங்கலாம். தம்பியின் போனில் புல் தட்டையாகவும் அக்காவின் போனில் அடர்த்தியாகவும் தெரியும், அணி ஒன்று. நான் பார்த்தவரை இந்தக் கேள்விக்கு வந்த மிக நேர்மையான விடைகளில் இதுவும் ஒன்று.

அது இந்தியாவில் நிலைக்கவில்லை என்பது வருத்தம். 2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அரசு தடைசெய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் இருந்தது, லைட்டும் இருந்தது. 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் பெரிய ஆட்டம் திரும்பி வந்தது, குறைந்தது 2 ஜி.பி. ராம் கேட்டபடி. லைட் அதோடு வரவில்லை. 2022 பிப்ரவரியில் தடையான 54 செயலிகளில் ஃப்ரீ ஃபயரும் ஒன்று, மேக்ஸ் தப்பித்தது. தடைக்கும் கிராபிக்ஸுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். இரண்டு முறையும் கடைசியில் மாடி மிஞ்சியது, கீழ்த்தளம்தான் போனது. பழைய போனில் ஆடியவன் புதுப் போன் வாங்க வேண்டும், இல்லையேல் வேடிக்கை பார்க்க வேண்டும்.

வாசற்படியை உயர்த்துகிறவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று புள்ளிவிவரம். ஸ்டீம் மாதந்தோறும் தன்னிடம் ஆடுகிறவர்களின் கணினிகளைக் கணக்கெடுக்கிறது. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டு பல ஆண்டுகள் அந்தப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. 2022 நவம்பரில் அதை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்ததும் வேகமான கார்டு அல்ல, அதைவிடக் கொஞ்சம் மெதுவான, மலிவான ஜிடிஎக்ஸ் 1650. பெருங்கூட்டம் எங்கே நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனாலும் இந்தக் கணக்கெடுப்பு உள்ளே வந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. ஏற்கெனவே படி ஏற முடியாமல் திரும்பிப் போனவர் அதில் இல்லை. ஒவ்வொரு முறை படி உயரும்போதும் சராசரிக் கணினி கொஞ்சம் வலுவடைந்ததாகப் பட்டியல் காட்டும், பலவீனமானவர்கள் பட்டியலிலிருந்தே போய்விட்டார்களே. அந்தப் பட்டியலைக் காட்டி அடுத்த படியை உயர்த்துவது எளிதாகிவிடுகிறது.

கார்டு வாங்குவது எளிதாகிக்கொண்டே வரும் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது ஆட்டம் காண்கிறது. 2020, 2021இல் கிரிப்டோ சுரங்கக்காரர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளினார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் சுரங்கம் தேவையில்லாத முறைக்கு மாறியதோடு அந்த வேட்டை ஓய்ந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்புகளை உறிஞ்சுகின்றன. சாதாரண மக்களுக்கு ராம் விற்றுவந்த குருஷியல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. 8 ஜி.பி.தானே என்று சொல்லிக் குறைந்தபட்சத் தேவையை எழுதுகிறவர், அந்த 8 ஜி.பி.யின் விலை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மென்பொருள் உத்திகள் கைகொடுக்கும் என்பார்கள். சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் முறையை ஏஎம்டி 2021இல் வெளியிட்டபோது, போட்டி நிறுவனத்தின் பழைய கார்டிலும் அது ஓடியது. அது நல்ல கொடை. ஆனால் ஊன்றுகோலாகத் தந்ததைக் காலாகவே நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். பலர் சேர்ந்து வேட்டையாடும் மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் 2025 பிப்ரவரியில் வந்தபோது, அதன் பரிந்துரைக்கப்பட்ட தேவைகளிலேயே 60 ஃப்ரேம் என்பது ஃப்ரேம் ஜெனரேஷனை இயக்கியபடிதான் என்று எழுதியிருந்தது. இரண்டு உண்மைப் படங்களுக்கு நடுவே கணினி ஊகித்துச் செருகும் படம் அது. கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தெரியும், பட்டனை அழுத்தியதற்கும் வாள் வீசுவதற்கும் இடையிலான தாமதம் குறையாது. கையால் ஆடும் கலைக்கு, கண்ணுக்கு மட்டும் தரும் மருந்து இது.

அழகு வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஒரு கற்பனை உலகில் பொழுது புலரும்போது மலை மேல் வெயில் படுவதைப் பார்க்கக் கொஞ்ச நேரம் நின்றவர்கள் நாம். இலவச விளையாட்டுகளுக்கு வருமானமும் அந்த அழகிலிருந்துதான் வருகிறது. உடையையும் துப்பாக்கி வண்ணத்தையும் விற்றுத்தான் சர்வர் ஓடுகிறது, அது மின்னினால்தான் வாங்குவார்கள். ஆனால் மின்னும் உடையை வாங்குபவர் அதைக் காட்டிக்கொள்ளவும் எதிரே ஒருவர் வேண்டும். பணம் தராத, பழைய போன் வைத்திருக்கும் அந்த ஒருவர் சும்மா ஆடவில்லை. பணம் தருபவருக்கு அவர்தான் களத்தை நிரப்பித் தருகிறார்.

அதனால் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. அலங்காரத்தை அணைக்க வழி விடுங்கள். ஆட்டத்தின் விதியாகிவிட்ட படத்தை எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுங்கள், அதற்காக மட்டும் படியை உயர்த்துங்கள். உயர்த்துமுன் ஒரு வருடமாவது முன்கூட்டிச் சொல்லுங்கள். ஏற முடியாதவர் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எத்தனை பேர் வெளியே நிற்கப் போகிறார்கள் என்பதைச் சதவீதத்தில் மட்டும் சொல்லாமல் தலைக்கணக்காகவும் சொல்லுங்கள்.

சதவீதம் எவ்வளவு மறைக்கும் என்பதற்கு மீண்டும் கவுன்டர்-ஸ்டிரைக்கிடமே போகலாம். 2023 அக்டோபரில் வால்வ் நிறுவனம் டைரக்ட்எக்ஸ் 9, 32-பிட் இயங்குதளங்கள், ஆப்பிளின் மேக் ஆகிய மூன்றையும் கைவிடுவதாகச் சொன்னது. மூன்றும் சேர்ந்தே ஆடுகிறவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றது. அந்த ஆண்டு மே மாதம் அந்த ஆட்டத்தில் ஒரே நேரத்தில் இருந்தவர் எண்ணிக்கை 18 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஒரு நேரத்தின் ஒரு சதவீதம் என்றாலே 18 ஆயிரம் பேர். அதிலும் பாதி என்று வைத்துக்கொண்டாலும் சிறிய ஊர் ஒன்றின் ஜனத்தொகை.

வால்வ் அவர்களை முற்றாகக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மேக்கில் ஆடி, பிரைம் என்ற கட்டணத் தகுதிக்குப் பணம் கட்டியவர்களுக்கு அதைத் திருப்பித் தர முன்வந்தது. பழைய ஆட்டத்தின் கடைசிப் பிரதியையும் அப்படியே விட்டுவைத்தது. 2024 ஜனவரி 1 முதல் அதற்கு ஆதரவு இல்லை, ஆனால் இன்றும் இறக்கிக்கொள்ளலாம். பழைய மேசைக் கணினியில் அது திறக்கும். டஸ்ட் 2 வரைபடத்தில் அதே மணல்நிறச் சுவர்கள், அதே மரக்கதவு, தோளில் அதே துப்பாக்கி. அதிகாரப்பூர்வமாக எதிராளியைத் தேடித் தரும் வசதி மட்டும் அதில் இல்லை.